எஃகுக் கம்பியில் பதிந்த குரல்கள்: ‘வாய்சஸ் ஆஃப் த ஹோலோகாஸ்ட்’ இணையக் காப்பகம் பற்றி ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் சிகாகோ நகரில் உள்ள இல்லினாய் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் ‘வாய்சஸ் ஆஃப் த ஹோலோகாஸ்ட்’ என்ற பெயரில் ஓர் இணையக் காப்பகத்தைப் பேணி வருகிறது. நாஜிகளின் வதை முகாம்களிலிருந்தும், யூதர்களை அடைத்துவைத்த நகர்ப்பகுதிகளான கெட்டோக்களிலிருந்தும் உயிர்தப்பியவர்கள், இரண்டாம் உலகப் போர் முடிந்து ஓராண்டே கடந்திருந்த 1946 ஆம் ஆண்டின் கோடையில், தங்களுக்கு நேர்ந்ததைத் தங்கள் வாயாலேயே சொன்ன ஒலிப்பதிவுகள் அதில் உள்ளன. இரண்டு மாதங்களாக, வீட்டில் அனைவரும் உறங்கிய பிறகு, இந்தப் பதிவுகளைக் கேட்டு வருகிறேன். யூத இனப்படுகொலையைப் பற்றி அறிய விரும்பும் தமிழ் வாசகருக்கு இதைவிட நல்ல ஒரு வாயிலை எனக்குக் காட்டத் தெரியவில்லை. ஆகவே இதன் நிறைகளையும், பயன்படுத்தும்போது எதிர்ப்படும் சிரமங்களையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கேட்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

இந்தப் பதிவுகளைச் செய்தவர் டேவிட் போடர். லாட்வியாவின் லீபாயா துறைமுக நகரில் 1886 இல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, ரஷ்யப் புரட்சிக்குப் பின் மெக்சிகோ வழியாக அமெரிக்கா வந்து, சிகாகோவில் உளவியல் பேராசிரியரானவர். 1945 இல் அமெரிக்கப் படைகள் முகாம்களைக் கண்டபோது, பத்திரிகையாளர்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று தளபதி ஐசன்ஹோவர் கேட்டுக்கொண்டார். அந்தச் செய்தி போடரின் மனத்தில் வேறொரு கேள்வியை எழுப்பியது. பார்த்தவர்கள் எழுதட்டும், ஆனால் பட்டவர்கள் பேச வேண்டாமா என்பதே அது. அவர் வேலை பார்த்த நிறுவனத்தோடு இணைந்திருந்த ஆய்வுக்கூடத்தில் மார்வின் கேம்ராஸ் என்ற பொறியாளர் வயர் ரெக்கார்டர் என்னும் கம்பி ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கியிருந்தார். தலைமுடி போன்ற மெல்லிய எஃகுக் கம்பியில் காந்த ஆற்றலால் குரலைப் பதியச் செய்யும் கருவி அது. அந்தக் கருவியையும் 200 கம்பிச் சுருள்களையும் எடுத்துக்கொண்டு, அறுபதை நெருங்கும் வயதில், போரில் சிதைந்து கிடந்த ஐரோப்பாவுக்குப் போடர் புறப்பட்டார். 1946 ஜூலை 29 அன்று பாரிஸில் பேட்டிகளைத் தொடங்கி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி ஆகிய நான்கு நாடுகளிலும் அகதிகள் தங்கியிருந்த இடங்களுக்குச் சென்று, 90 மணி நேரத்துக்கும் மேலான பேச்சை ஒன்பது மொழிகளில் பதிவு செய்து திரும்பினார்.

அவர் பேட்டி எடுத்த முறையைத் தெரிந்துகொண்டு கேட்டால் பதிவுகள் இன்னும் தெளிவாகப் புரியும். ஒரு முகாமுக்குப் போனதும் முதலில் அங்குள்ளவர்களைக் கூட்டமாகப் பாடச் சொல்லிப் பதிவு செய்து, உடனே அதை அவர்களுக்கே போட்டுக் காட்டுவார். தங்கள் குரலைத் தாங்களே அதற்கு முன் கேட்டறியாத மக்கள் அதில் வியந்து நெருங்கி வந்த பிறகு, பேச விரும்புபவர்களை ஒவ்வொருவராக அழைப்பார். தன் முகக்குறிப்பு பேச்சைத் திசை திருப்பிவிடக் கூடாது என்பதற்காக, பேசுபவருக்குப் பின்புறமாக அமர்ந்துகொள்வார். முகாம்களில் இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது அமெரிக்காவில் உள்ள எங்களுக்கு மிகவும் குறைவாகவே தெரியும், உங்கள் பெயரையும் வயதையும் சொல்லி, போர் தொடங்கியபோது எங்கே இருந்தீர்கள், அதன்பின் என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்பதே அவர் கேட்டுக்கொண்டது. பதிவின் தொடக்கத்தில் இடத்தையும் நாளையும் கருவிக்காக ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு, பின்னர் ஜெர்மனுக்கோ, ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷுக்கோ, ரஷ்யனுக்கோ மாறிக்கொள்கிறார். அந்த மாற்றத்தை நான் ஒவ்வொரு முறையும் காத்திருந்து கேட்கிறேன். ஆங்கில அறிவிப்பில் விறைப்பாக நிற்கும் அந்தக் குரல், எதிரில் இருப்பவரின் மொழிக்குள் நுழையும்போது சற்றுத் தளர்ந்துவிடுகிறது.

இந்தக் காப்பகத்தின் தனிச்சிறப்பு காலத்தில் இருக்கிறது. ‘ஹோலோகாஸ்ட்’ என்ற சொல் யூத இனப்படுகொலை என்னும் பொருளில் 1946 இல் புழக்கத்தில் இல்லை. ஆறு மில்லியன் யூதர்கள் கொல்லப்பட்டார்கள் என்ற தொகையும், ஆஷ்விட்ஸ், டிரெப்ளிங்கா என்ற கொலை முகாம்களின் பெயர்களும் இன்று நமக்குத் தருகின்ற ஒரு முன்கூட்டிய வரைபடம் அன்று பேசியவர்களிடமும் இல்லை, கேட்டவரிடமும் இல்லை. எனவே ஒருவர், கைதிகளிலிருந்தே நியமிக்கப்பட்ட மேற்பார்வையாளரைக் குறிக்கும் ‘கபோ’ என்ற சொல்லைச் சொன்னால், கபோ என்றால் யார் என்று போடர் கேட்கிறார். ‘செலெக்‌ஷன்’ என்று, கைதிகளை வேலைக்கும் சாவுக்குமாகப் பிரித்ததைச் சொன்னால், யார் யாரை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள், எந்தப் பக்கம் போகச் சொன்னார்கள் என்று விளக்கச் சொல்கிறார். பல மணி நேரம் வரிசையில் நிற்கவைத்து எண்ணிக்கை எடுத்ததைப் பற்றிச் சொன்னால், எத்தனை மணிக்கு, என்ன உடையில் என்று தொடர்கிறார். இன்று ஒரு சொல்லோடு நாம் கடந்துவிடும் செய்திகளை அவர்கள் பொருள் பொருளாக, செயல் செயலாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரயில் பெட்டி எப்படி இருந்தது, எத்தனை பேர், தண்ணீர் இருந்ததா, கதவு எப்போது திறந்தது என்று அவர்கள் சொல்லிக்கொண்டே போகும்போது, நானும் பலமுறை படித்த ஒரு செய்தியை முதன்முறையாகத் தெரிந்துகொள்பவனாக ஆகிவிடுகிறேன்.

நான் மூன்று முறை திரும்பக் கேட்ட ஒரு பதிவைக் குறிப்பிட வேண்டும். இத்தாலியில் மிலான் நகருக்கு வடமேற்கே உள்ள டிராதாத்தே என்ற சிற்றூரில், யூத அகதிகள் தங்கியிருந்த ஓர் இல்லத்தில், 1946 ஆகஸ்ட் 31 அன்று எடுக்கப்பட்டது. பேசுபவர் வார்சாவைச் சேர்ந்த 23 வயதுப் பெண். கெட்டோ, ஓடும் ரயிலிலிருந்து குதித்துத் தப்பியது, மீண்டும் பிடிபட்டது, மய்தானெக், ஆஷ்விட்ஸ் முகாம்கள் என்று அவர் பேச்சு யித்திஷில் ஓடுகிறது. அவர் அழுது அரற்றுவதில்லை. சந்தைக்குப் போய் வந்த வழியைச் சொல்பவர்போல ஊர்ப்பெயர்களையும் மாதங்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நமக்குத்தான் நெஞ்சு அடைக்கிறது. எழுத்து வடிவத்தை மட்டும் படித்தபோது அவரை மனம் மரத்துப்போனவர் என்று நினைத்தேன். குரலோடு சேர்த்துக் கேட்டபோது அந்த எண்ணம் பிழை என்று தெரிந்தது. ஒரு பெயரை விட்டுவிட்டாலும் அந்த ஊரில் இருந்தவர்கள் எல்லோரும் இல்லாமல் போய்விடுவார்கள் என்பதுபோல, அத்தனை கவனத்தோடு அவர் சொல்கிறார். இது என் காதுக்குப் பட்டது. வேறொருவருக்கு வேறு விதமாகவும் படலாம்.

தளத்தின் அமைப்பைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். பேட்டி கொடுத்தவரின் பெயர், பேட்டி நடந்த இடம், பேசிய மொழி என்று பல வழிகளில் பதிவுகளைத் தேடிக்கொள்ளலாம். ஒரு பதிவைத் திறந்தால் ஒலியும், பேசிய மொழியிலேயே அமைந்த எழுத்து வடிவமும், ஆங்கில மொழிபெயர்ப்பும் கிடைக்கின்றன. 2000 ஆம் ஆண்டில் எழுத்து வடிவங்களோடு தொடங்கப்பட்ட இந்தத் தளம், 2009 இல் ஒலிப்பதிவுகளோடு விரிவாக்கப்பட்டது. ஜெர்மனோ யித்திஷோ தெரியாத நம்மைப் போன்றவர்கள் ஆங்கில வடிவத்தைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே மூலக் குரலைக் காதால் கேட்பதுதான் சரியான வழி. முதல் சில நாட்கள் கண் முன்னே ஓடிவிடும், காது பின்தங்கும். ஊர்ப்பெயர்களையும் எண்களையும் பிடித்துக்கொண்டால் இரண்டும் ஒத்துவரத் தொடங்கும். கம்பியின் இரைச்சல் எல்லாப் பதிவுகளிலும் உண்டு. ஆகவே ஒலிபெருக்கியைவிட ஹெட்ஃபோன் நல்லது. 90 மணி நேரத்துக்கு 200 சுருள் என்றால் ஒரு சுருளில் ஏறத்தாழ அரை மணி நேரப் பேச்சுதான் அடங்கும். கம்பி தீர்ந்துபோனால் பேச்சை நிறுத்திவிட்டு அடுத்த சுருளை மாட்ட வேண்டும். நினைவின் நடுவே கதவு மூடித் திறப்பதுபோல அந்த இடைவெளி விழும்.

ஆங்கில மொழிபெயர்ப்பின் நடை கரடுமுரடானது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது கவனக்குறைவால் வந்ததன்று. போடர் தன் பதிவுகளைத் தானே கேட்டு, வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் வாய்விட்டு மொழிபெயர்த்து இன்னொரு கருவியில் பதிந்து, பிறகு தட்டச்சு செய்வித்தார். துன்பப்பட்டவரின் பேச்சில் இருக்கும் தடுமாற்றமும் முறிந்த வாக்கியமும் கூடச் சான்றுகளே என்று அவர் நம்பியதால், அவற்றைச் செப்பனிட மறுத்தார். 1949 இல் எட்டுப் பேட்டிகளை மட்டும் ஒரு நூலாக வெளியிட்டார். அதன்பின் 1957 வரை உழைத்து, 70 பேட்டிகளின் மொழிபெயர்ப்பை 16 தொகுதிகளாக, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் தட்டச்சுப் பிரதிகளாக்கி நூலகங்களுக்கு அனுப்பினார். பொருளுதவி நின்றுபோனதால் மற்றவை அப்படியே தங்கிவிட்டன. 1961 இல் அவர் இறந்தபோது அவர் பெயரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. யூதர்களை முகாம்களுக்கு அனுப்பும் பணியை நடத்திய நாஜி அதிகாரி ஐஷ்மன் மீதான வழக்கு ஜெருசலேமில் நடந்து, உயிர்தப்பியவர்கள் ஏறத்தாழ நூறு பேர் சாட்சி சொல்லி, உலகம் முதன்முறையாக அவர்களுக்குச் செவிகொடுத்த ஆண்டும் அதுவேதான். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே செவிகொடுத்த மனிதருக்கு அந்த மாற்றத்தை நெடுநாள் காணும் வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பதை எண்ணி உண்மையிலேயே வருந்தினேன்.

ஆனாலும் போடரைக் குறைகளே இல்லாத பேட்டியாளர் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் பேசுபவரை இடைமறிக்கிறார். சொல்வதை நம்பாதவர்போலக் கேட்கிறார். நீங்களே பார்த்தீர்களா அல்லது யாரும் சொல்லிக் கேட்டீர்களா என்று அவர் வற்புறுத்தும்போது, பெற்றோரை இழந்த ஒருவரிடம் இப்படியா கேட்பது என்று எனக்குக் கோபம் வந்தது உண்டு. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் ஊரில் சொல்வதைத்தான் அவரும் செய்கிறார் என்று பின்னர் சமாதானம் அடைந்தேன். அந்த விசாரணையால்தான், கேள்விப்பட்டது எது, கண்டது எது என்ற பிரிவு இந்தப் பதிவுகளில் தெளிவாக இருக்கிறது. இனப்படுகொலையே நடக்கவில்லை என்று மறுப்பவர்கள் இன்றும் இருக்கும் உலகில், அந்தப் பிரிவு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

சாட்சியத்தில் பிழை இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தே வருகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஃபோர்ச்சுனாஃப் காணொளிக் காப்பகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும், சிறுவனாக நாஜி காலத்தைக் கடந்து பிழைத்தவருமான உளவியல் மருத்துவர் டோரி லாப் எழுதிய ஒரு நிகழ்ச்சி இதற்குத் துணைசெய்யும். 1944 அக்டோபர் 7 அன்று ஆஷ்விட்ஸில் பிணம் எரிக்கும் பணியில் வைக்கப்பட்டிருந்த யூதக் கைதிகள் கிளர்ச்சி செய்தார்கள். அதை நினைவுகூர்ந்த ஒரு பெண்மணி, நான்கு புகைபோக்கிகள் வெடித்துச் சிதறியதைக் கண்டதாகச் சொன்னார். வெடித்தது ஒன்றுதான் என்றும், எனவே அவர் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்றும் வரலாற்றாசிரியர்கள் வாதிட்டார்கள். அந்தப் பெண்மணி புகைபோக்கிகளின் எண்ணிக்கைக்குச் சாட்சி சொல்லவில்லை, நடக்கவே நடக்காது என்று எல்லோரும் நம்பிய ஒன்று ஆஷ்விட்ஸில் நடந்தது என்பதற்குச் சாட்சி சொல்கிறார் என்பது லாபின் பதில். இரு தரப்பும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எண்ணிக்கைக்கு ஆவணங்களை நாடலாம். ஆனால் அந்தக் கணத்தில் ஒரு கைதியின் மனத்தில் எத்தனை புகைபோக்கிகள் சரிந்தன என்பதை எந்த ஆவணமும் சொல்லாது.

யேல் காப்பகத்தின் பதிவுகள் 1979 இல் தொடங்கின. அதில் 4,400க்கும் மேற்பட்ட சாட்சியங்கள் உள்ளன. திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994 இல் நிறுவிய ஷோவா அறக்கட்டளை 1999 வரையில் ஏறத்தாழ 52,000 சாட்சியங்களைக் காணொளியாகத் திரட்டியது. இன்று அது தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அளவிலும் ஒழுங்கிலும் தேடும் வசதியிலும் போடரின் தொகுப்பு இவற்றின் அருகில் நிற்க முடியாது. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கேட்பவர் உடனே உணர்வார். ஷோவா அறக்கட்டளையின் காணொளிகளில் பேசுபவர் முதியவர். தம் வீட்டில், நல்ல வெளிச்சத்தில் அமர்ந்து, முழு வாழ்க்கையையும் திரும்பிப் பார்த்துப் பேசுகிறார். பல காணொளிகளின் இறுதியில் பழைய நிழற்படங்களைக் காட்டுகிறார், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து பக்கத்தில் அமர்கிறார்கள். போடரிடம் பேசியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். வந்து பக்கத்தில் அமர அவர்களுக்கு ஒருவரும் இல்லை. பாலஸ்தீனத்துக்குப் போவதா, அமெரிக்காவில் தூரத்து உறவினர் யாரேனும் இருக்கிறார்களா, போலந்துக்குத் திரும்பலாமா என்று எதுவும் முடிவாகாத நிலையில் பேசுகிறார்கள். போலந்தின் கியெல்ட்சே நகரில் உயிர்தப்பித் திரும்பி வந்த யூதர்களைக் கும்பல் தாக்கி 40க்கும் மேற்பட்டோரைக் கொன்றது 1946 ஜூலை 4 அன்று, போடர் பாரிஸில் பேட்டிகளைத் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான். போர் முடிந்தது என்ற சொல் அவர்கள் வாயில் உறுதியாக ஒலிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜெனீவாவில் ஆகஸ்ட் மாத இறுதியில் பேசிய 18 வயது இளைஞர் ஒருவரின் பதிவு பல சுருள்கள் நீள்கிறது. நேரம் இருப்பவர்கள் அதைக் கேட்க வேண்டும். யூதர்களைக் கொண்டே யூதர்களை ஒடுக்கும் ஏற்பாடு எப்படி அமைக்கப்பட்டது, பசி மனிதரின் ஒழுக்கத்தை எப்படிப் படிப்படியாகக் குலைத்தது என்பதையெல்லாம் அந்த வயதில் அவர் ஆராய்ந்து பேசுவதைக் கேட்கும்போது, படிக்க வேண்டிய பருவத்தில் அவருக்கு எது பள்ளிக்கூடமாக அமைந்தது என்ற நினைப்பே வாட்டுகிறது.

புதிதாக வருபவர் கவனிக்க வேண்டியவை சில. இங்கே வரலாற்றை வரிசையாகச் சொல்லித்தரும் பாடம் எதுவும் இல்லை. ஊர்களின் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். எனவே போலந்து, ஜெர்மனிப் பகுதிகளின் ஒரு பழைய நிலப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நலம். பேசியவர்கள் அனைவரும் யூதர்கள் அல்லர். சோவியத் நாட்டிலிருந்து வெளியேறிய மெனோனைட் கிறிஸ்தவர்கள் போன்ற வேறு அகதிகளும் உண்டு என்பதால், முன்குறிப்பைப் படித்துவிட்டுக் கேட்கத் தொடங்குவது குழப்பத்தைத் தவிர்க்கும். தமிழில் எதுவும் இல்லை. ஓரளவு ஆங்கிலம் படிக்கத் தெரிந்தால்தான் பயன்படும். என் தாயாருக்கு இரண்டு பதிவுகளை நானே நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். பாதியில் அவர், அந்தப் பிள்ளை சாப்பிட்டுவிட்டுத்தான் பேசுகிறதா என்று கேட்டார். பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தனியே கேட்க விட வேண்டாம் என்பது என் கருத்து. ஆசிரியரோ பெற்றோரோ உடனிருந்து ஒரு பகுதியை மட்டும் கேட்கச் செய்யலாம். பெரியவர்களும் ஓர் இரவில் ஒரு பதிவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. அடுத்தடுத்துக் கேட்டால் ஒருவர் பட்டது இன்னொருவர் பட்டதோடு கலந்துவிடுகிறது. அது அவர்களுக்கு நாம் செய்யும் அநீதி.

கடைசியாகக் கேட்க வேண்டியது பாடல்களை. பாரிஸுக்கு வெளியே எனோன்வில் என்ற ஊரில் இருந்த அகதி முகாமில் போடர் பாடல்களைப் பதிந்த ஒரு சுருள் நெடுங்காலம் காணாமற்போயிருந்தது. அக்ரன் பல்கலைக்கழகத்தின் உளவியல் வரலாற்று மையத்தில், ஊர்ப்பெயர் தவறாக எழுதப்பட்ட ஒரு பெட்டிக்குள் அது இருந்தது 2016 வாக்கில்தான் தெரியவந்தது. எழுபது ஆண்டுப் பழமையான கம்பியை அறுந்துபோகாமல் ஓட்டுவதற்கு ஏற்ற கருவியை அங்குள்ளவர்கள் தேடிச் சீரமைத்து அதை ஒலிக்கச் செய்தார்கள். வேலைக்கு ஓடும்போதும் திரும்பும்போதும் நாஜிகள் கைதிகளைப் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்திய பாடல்களும் அதில் இருக்கின்றன. கிராகோ கெட்டோவில் 1942 இல் கொல்லப்பட்ட ஒரு யித்திஷ் கவிஞர், ஊர் எரிகிறது, கைகட்டி நிற்காதீர்கள் என்று எழுதிய பாடலும் இருக்கிறது. ஒரு பெண் அதைப் பாடுகிறார். மூலத்தில் ஊர் எரிகிறது என்று இருக்கும் அடியில், யூதர்கள் எரிகிறார்கள் என்று மாற்றிப் பாடுகிறார்.